பொது பாய்லர் வந்தால் விறகு மிச்சமாகுமா?

2025 ஜூன் 9, பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

டென்மார்க்கில் ஊருக்கே ஒரு பாய்லர் வைத்து எல்லா வீட்டுக்கும் குழாயில் சூடு தருகிறார்களாம். பழைய அமைப்பைப் புதுப்பித்து எக்கச்சக்கமாக எரிபொருள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். சிப்காட்டில் நாங்கள் ஆளுக்கொரு பாய்லர் வைத்துக்கொண்டு விறகுக்கு அல்லாடுகிறோம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே பெரிய பாய்லர், குழாய் வழியே ஸ்டீம் என்று போனால் பாதி விறகு மிச்சமாகாதா? விஷயம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்க.

ஜூன் 9, இரவு

பாதியெல்லாம் ஆகாதுங்க தம்பி. மிச்சம் உண்டு, ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

திருப்பூர், பெருந்துறை, ஈரோடு வட்டாரத்தில் ஸ்டீம் லைன் வேலை பார்ப்பவன் நான். சாயப்பட்டறைக்குப் போனால் முதலாளி நேராக பாய்லர் ஹவுசுக்குத்தான் கூட்டிப்போவார். புது பாய்லர் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், அதன் பெயர்ப்பலகை வரைக்கும் காட்டுவார். எனக்குப் பட்டறையின் பின்பக்கம் போய்ச் சாக்கடையைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் அங்கே வெள்ளையாக ஆவி பறந்துகொண்டிருந்தால் விறகு எந்த வழியாகப் போகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

டென்மார்க் கதை நாளைக்கு.

ஜூன் 10

சரி, டென்மார்க். 1973 எண்ணெய் நெருக்கடியில் பலமாக அடிவாங்கிய நாடு. வீட்டைச் சூடாக்க அவர்கள் நம்பியிருந்தது இறக்குமதி எண்ணெயைத்தான். 1979-ல் வெப்ப வழங்கலுக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சூடு வருகிறது.

ஆனால் ஊருக்கு ஒரு பாய்லர் என்று சொன்னது பாதிக் கதை. சூட்டில் பெரும்பகுதி மின் நிலையத்தின் கழிவுச்சூடும் குப்பை எரிக்கும் ஆலையின் சூடும். நம் மேட்டூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிக்கிற நிலக்கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி கூலிங் டவர் வழியாக வானத்துக்குப் போகிறது. டேனிஷ்காரன் அந்த மீதியைத்தான் குழாயில் விட்டு வீட்டுக்கு விற்கிறான். வெறுமனே நாலு பாய்லரை ஒன்றாக்கினால் இந்த லாபம் வராது.

ஜூன் 11

ஒருவர் தனிச்செய்தியில், "இதெல்லாம் முதலில் ஸ்டீமில்தானே ஆரம்பித்தது?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம். 1877-ல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட் என்ற ஊரில் பேர்ட்சில் ஹாலி என்பவர் ஸ்டீம் குழாய் போட்டுத் தொடங்கினார். 1882-ல் நியூயார்க் நகரத்துக்கு வந்தது. மன்ஹாட்டனில் இன்றைக்கும் தெருவுக்கடியில் ஸ்டீம் ஓடுகிறது. 2007 ஜூலையில் அங்கே ஒரு குழாய் வெடித்துத் தெருவையே பிளந்தது. அது 1924-ல் போட்ட குழாய்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் செய்தது ஒன்றே ஒன்று: சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதலில் ஸ்டீம். அடுத்து அழுத்தம் கொடுத்து நூறு டிகிரிக்கு மேல் வைத்த வெந்நீர். பிறகு நூறுக்குக் கீழே, தொழிற்சாலையிலேயே ஃபோம் போட்டு மூடி வரும் குழாயில். இப்போது 50, 60 டிகிரி வெந்நீரே போதும் என்கிறார்கள். கோபன்ஹேகன் நகர மையத்தில் இருந்த ஸ்டீம் வலையையும் மாற்றி வெந்நீர் ஆக்கிவிட்டார்கள். சூடு குறைந்தால் குழாயில் போகும் இழப்பு குறையும். அதைவிட முக்கியம், மட்டமான கழிவுச்சூட்டைக்கூட உள்ளே வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஃபோமுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஓட விடுவார்கள். எங்காவது கசிந்து ஈரம் பட்டால் எத்தனையாவது மீட்டரில் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்தே சொல்லிவிடலாம். இங்கே கசிவு தெரிவது யாராவது ஒருவர் காலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான்.

ஜூன் 12

"எங்களுக்கு வெந்நீர் எதற்கு? சாயப்பட்டறைக்கு ஸ்டீம்தான் வேண்டும்." பெருந்துறைத் தம்பி.

எதற்கு ஸ்டீம் வேண்டும் என்று பட்டியல் போட்டுப் பாருங்க. ரியாக்டிவ் சாயம் பருத்திக்கு ஏறுவது பெரும்பாலும் 60 டிகிரியில், சில வகை 80-ல். பிளீச்சிங்கும் சோப்பிங்கும் 95 பக்கம். பாலியஸ்டர் மட்டும் 130. துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டருக்கு 150-க்கு மேல் வேண்டும், அதற்குத் தெர்மிக் ஃபுளூயிட் என்கிற சூடான எண்ணெய் தனியாக ஓடுகிறது. ஆக, பருத்தி பனியன் துணிக்கு 60 டிகிரி தண்ணீர் வேண்டும் என்பதற்காக 7 பார் அழுத்தத்தில் 170 டிகிரி ஸ்டீம் போட்டுப் பட்டறை முழுக்க ஓட்டுகிறோம். டேனிஷ் வீட்டுக்காரனுக்கும் குளிக்க, வீட்டைச் சூடேற்ற 60 டிகிரித் தண்ணீர் போதும், அவன் அதற்கு வெந்நீரையே வாங்குகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜூன் 12, கொஞ்சம் கழித்து

கணக்கு கேட்டவருக்கு. 500 கிலோ துணி, கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு பாத்துக்கு (மெஷினில் ஒரு தடவை ரொப்புவது) 3,000 லிட்டர். 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 90,000 கிலோகலோரி. 7 பாரில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராகும்போது தன் உள்ளுறை வெப்பமாகத் தருவது 490 கிலோகலோரி சுமார். வகுத்தால் 180 சொச்சம் கிலோ ஸ்டீம். துணியும் மெஷினும் குடிக்கிற சூடு தனி. இதே பாத்தை 98-க்கு ஏற்ற 400 கிலோவுக்கு மேல்.

இப்போது அந்த ஸ்டீம் தன் வேலையை முடித்துத் தண்ணீராகிறதே, கண்டன்சேட், அதில் ஸ்டீமின் மொத்தச் சூட்டில் நாலில் ஒரு பங்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அந்தச் சாக்கடை.

ஜூன் 15

பாய்லருக்குத் தண்ணீர் போகிற தொட்டி, ஃபீட் வாட்டர் டேங்க், அதன் வெளிப்பக்கம் கை வைத்துப் பாருங்க. கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் அந்தப் பட்டறை விறகைத் தூக்கிப்போடுகிறது. பாய்லருக்குப் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். 35 டிகிரியில் உள்ளே போவதை 95 ஆக்கினால் 10 சதவீதம். அதற்குக் கண்டன்சேட்டைச் சாக்கடையில் விடாமல் இந்த டேங்குக்குத் திருப்ப வேண்டும். பாய்லரைத் தொடவே வேண்டாம்.

65 சதவீதத் திறனில் ஓடும் பாய்லரை விற்று 75 சதவீதப் பாய்லர் வாங்கினால் மிச்சம் 13 சதவீதம் வரும். அதற்கு எத்தனை லட்சம், இதற்கு எத்தனை ஆயிரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்க. ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு புதுக் கிணறு வெட்டுகிற கதைதான் இது.

ஜூன் 17

நேற்று ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். சாயம் போடுகிற சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஸ்டீம் டிராப் (ஸ்டீமை நிறுத்திக் கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடுவது) இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டிராப்பைச் சுற்றிப் போகிற பைபாஸ் வால்வு திறந்து கிடக்கிறது. ஆபரேட்டரைக் கேட்டால், "பைபாஸ் திறக்காம விட்டா சூடு ஏற மாட்டேங்குதுங்ணா" என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். மெஷின் ஆரம்பிக்கும்போது காயிலுக்குள் காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. போட்டிருக்கிற டிராப்புக்கு அந்த ஆரம்ப வேகத்தில் வரும் தண்ணீரைத் தள்ளச் சக்தி இல்லை. திறந்தால்தான் வேலை நடக்கும். நடந்த பிறகு மூட ஆளில்லை. காற்றை வெளியே விடும் அமைப்போடு அளவான டிராப் போட்டால் அந்தப் பையன் பைபாஸ் பக்கமே போகமாட்டான். அவனைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதைப் பார்க்கும்போது பழைய சோவியத் நாட்டு அடுக்குமாடி ஞாபகம் வருகிறது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வால்வே கிடையாது, வீட்டுக்கு மீட்டரும் கிடையாது, சதுர மீட்டர் கணக்கில் பில். வெளியே பனி கொட்டும், உள்ளே வேகும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். அங்கெல்லாம் புதுப்பிக்கும் வேலையில் கட்டடத்துக்கு ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இரண்டு தண்ணீர் கலக்காமல் சூட்டை மட்டும் மாற்றுவது), ரேடியேட்டருக்குத் தெர்மோஸ்டாட் வால்வு, மீட்டர், தேவைக்கேற்ப வேகம் மாறும் பம்ப் என்று கடைசி முனையில் ஒரு பெரிய பங்கு நடக்கிறது. அது முடிந்தால்தான் எவ்வளவு பெரிய ஆலை வேண்டும் என்பதே தெரியும். ஆலையை முதலில் பெரிதாகக் கட்டிவிட்டால் ஜன்னல் வழியாகப் போகிற சூட்டையும் சேர்த்து உற்பத்தி செய்வதாக ஆகும்.

ஜூன் 17

"கொங்கு நாட்டுக்கு வீட்டுச் சூடா? பங்குனியில் வந்து பாருங்க, குழாயில் தண்ணீர் தானாகவே 40 டிகிரியில் வரும்." எழுதியவருக்கு ஒரு கும்பிடு. மாடித் தொட்டித் தண்ணீரை ஃபீட் வாட்டருக்கு விடலாம் என்று வேறு யோசனை சொல்லியிருக்கிறார். சிரித்தேன், ஆனால் மாடியில் சூரிய வெந்நீர் பேனல் வைத்து ஃபீட் வாட்டரை முன்சூடாக்குவது செய்யக்கூடிய காரியம்தான். கண்டன்சேட்டை முழுக்கத் திருப்பிய பிறகு அதற்கு வேலை குறைவு, அவ்வளவுதான்.

ஜூன் 24

ஒரு நல்ல கேள்வி. "டென்மார்க்கில் திரும்பி வரும் தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், சூடாகத் திருப்பினால் பில்லில் கூடுதலாகப் போடுகிறார்கள் என்று படித்தேன். நீங்கள் கண்டன்சேட் சூடாகத் திரும்ப வேண்டும் என்கிறீர்கள். எது சரி?"

இரண்டும் சரி. வெந்நீர் வலையில் தண்ணீர்தான் சுமை தூக்கி. 80-ல் போய் 60-ல் திரும்பினால் 20 டிகிரி வேலை. 80-ல் போய் 40-ல் திரும்பினால் அதே வேலைக்குப் பாதித் தண்ணீர் போதும். பம்ப் வேகம் பாதியானால் மின்சாரம், கணக்குப்படி, எட்டில் ஒன்று. நடைமுறையில் அந்த அளவுக்கு வராது, ஆனாலும் நல்ல மிச்சம். அதனால்தான் அங்கே பல நிறுவனங்கள் குளிரத் திருப்புகிறவனுக்குத் தள்ளுபடியும் சூடாகத் திருப்புகிறவனுக்கு அபராதமும் வைத்திருக்கின்றன. ஸ்டீமில் சுமை உள்ளுறை வெப்பம். அது இறங்கியதும் மிச்சம் நிற்பது கொதிக்கும் தண்ணீர். அதைப் பாய்லருக்கே கொண்டுபோக வேண்டும், அல்லது வழியில் வேறொரு பாத்துக்கு முன்சூடு கொடுத்துவிட்டுக் கொண்டுபோக வேண்டும். இரண்டு ஊரிலும் சூடு சாக்கடைக்குப் போகக் கூடாது என்பதுதான் விதி.

7 பார் கண்டன்சேட்டை அப்படியே திறந்த தொட்டியில் விட்டால் 13 சதவீதம் சொச்சம் மறுபடி ஆவியாகிப் பறக்கும். தொட்டிக்கு மேலே எப்போதும் மேகம் நிற்பது அதனால்தான். அந்த ஃபிளாஷ் ஸ்டீமைப் பிடித்துக் குறைந்த அழுத்த வேலைக்கு விட ஒரு சின்னக் கலன் போதும்.

ஜூன் 26

"கண்டன்சேட்டைத் திருப்பினால் பாய்லர் போய்விடும் என்று எங்கள் பாய்லர் ஆபரேட்டர் சொல்கிறார்."

அவர் பயம் நியாயமான பயம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயில் ஊசி முனை ஓட்டை விழுந்தால் உப்பும் சோடாவும் சாயமும் கண்டன்சேட்டில் கலந்து பாய்லருக்குள் போகும். ஒரு தடவை நீலத் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஆள் அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் திருப்ப விடமாட்டார். இதற்காக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. திரும்பும் குழாயில் ஒரு டிடிஎஸ் சென்சார் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது), அதோடு ஒரு தானியங்கி வால்வு. உப்பு ஏறினால் வால்வு சாக்கடைக்குத் திருப்பிவிடும், மணி அடிக்கும். மற்ற நேரமெல்லாம் தண்ணீர் தொட்டிக்கு.

இன்னொன்று. திருப்பூரில் கொட்டுகிற தண்ணீருக்கு வேறு விலை இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டுகூட நொய்யலுக்குப் போகக் கூடாது என்ற ஏற்பாடு. கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிற நல்ல தண்ணீர் கழிவோடு சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. நுண்ணுயிர் பிழைக்க வேண்டுமே என்று அங்கே அதைக் கூலிங் டவரில் ஆற்றுகிறார்கள். பிறகு ஆர்.ஓ., அதில் மிஞ்சுவது எவாப்பரேட்டருக்கு. எவாப்பரேட்டர் ஓடுவது எதில்? ஸ்டீமில். விறகு போட்டுச் சூடாக்கி, கரண்ட் போட்டு ஆற்றி, கடைசியில் மறுபடி விறகு போட்டுச் சுண்டவைக்கிறோம். கண்டன்சேட் சுத்தமான தண்ணீர், அது இந்தச் சுற்றுக்குள் வரவே வேண்டியதில்லை.

ஜூலை 8

கொஞ்சம் திசை மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க. கொடுமுடிப் பக்கம் உறவுக்காரர் தோட்டத்தில் மஞ்சள் வேக வைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. முன்பெல்லாம் பெரிய கொப்பரையில் தண்ணீர் ரொப்பி, மஞ்சளைப் போட்டு, அடியில் விறகைத் தள்ளுவார்கள். மஞ்சளோடு அத்தனை தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்க வைத்தாக வேண்டும். இப்போது டிராக்டரில் இழுத்து வருகிற ஸ்டீம் டிரம் வந்துவிட்டது. ஸ்டீம் நேராக மஞ்சளுக்கே போகிறது. விறகும் குறைவு, நேரமும் குறைவு, ஒரே சீராகவும் வேகிறது. டென்மார்க் போகாமலே நடந்த நவீனமயமாக்கல் இது.

காங்கேயம் அரிசி ஆலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். புழுங்கல் அவிக்க உமியையே எரிக்கிறார்கள். அங்கே எரிபொருள் வாசலிலேயே குவிந்து கிடப்பதால் மிச்சம் பிடிக்கிற எண்ணம் மெதுவாகத்தான் வருகிறது.

ஜூலை 9

மஞ்சளைப் பற்றி மட்டும் இத்தனை பதில்! ஸ்டீம் டிராப்பைப் பற்றி எழுதினால் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. நல்லது.

ஜூலை 10

சரி, டிராப்பைப் பற்றியே எழுதுகிறேன், யாராவது ஒருவருக்கு உதவும்.

தட்டு வகை டிராப், டி.டி. டிராப் என்று சொல்வோமே, உள்ளே ஒரு சின்ன எஃகுத் தட்டு. தண்ணீர் வந்தால் தூக்கி வழிவிடும், ஸ்டீம் வந்தால் டக்கென்று உட்காரும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டிராப் மூடியில் வைத்துப் பிடியைக் காது எலும்பில் அழுத்தினால் கேட்கும். டக்... கொஞ்ச நேரம் சும்மா... டக். அது நல்ல டிராப். விடாமல் டகடகடக என்று அடித்தால் தட்டு தேய்ந்துவிட்டது. ஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சல் என்றால் ஸ்டீம் நேராக ஓடுகிறது. சத்தமே இல்லாமல் தொட்டால் சில்லென்று இருந்தால் அடைத்துவிட்டது. கையடக்க அல்ட்ராசோனிக் கருவி வந்துவிட்டது, வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். பாய்லருக்கு விறகு போடுகிற எங்கள் பழைய ஃபயர்மேன் ஒருவர் தூரத்தில் நடந்து போகும்போதே, "மூணாவது மெஷின் அழுகுது" என்பார்.

3 மில்லிமீட்டர் ஓட்டை, 7 பார் அழுத்தம்: மணிக்கு 25, 30 கிலோ ஸ்டீம் போகும். கிலோ விறகுக்கு மூன்று கிலோ ஸ்டீம் என்று போட்டால் மணிக்கு எட்டு, பத்துக் கிலோ விறகு. நாள் முழுக்க ஓடினால் 200 கிலோவுக்குக் குறையாது. ஒரே ஒரு ஓட்டைக்கு.

ஜூலை 22

ஆடிக்காற்று பேய் மாதிரி அடிக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையெல்லாம் சுற்றோ சுற்று. திருப்பூர் முதலாளிகளில் பலருக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. கரண்ட் யூனிட்டை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஸ்டீம் எத்தனை டன் போனது என்று கேட்டால், "விறகு லோடு எத்தனை வந்துச்சோ அதுதாங்க" என்பார்கள். பாய்லர் வாயில் ஒரு ஸ்டீம் மீட்டர், ஃபீட் வாட்டரில் ஒரு தண்ணீர் மீட்டர். இதுகூட இல்லாமல் எந்த மிச்சத்தைப் பேசுவது?

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

லீவு நாள். பட்டறை நின்றால்தான் குழாயைக் கிட்டத்தில் பார்க்க முடியும். சூடு வெளியே போகாமல் ராக் வுல் போட்டு அலுமினியத் தகடு சுற்றியிருப்பார்கள், வெளியே பளபள. மழை இறங்கி உள்ளே ஈரமாகியிருந்தால் அது இன்சுலேஷனே இல்லை. வால்வும் குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சும் எப்போதும் மொட்டையாக நிற்கும், கழற்றச் சுலபம் என்று. 4 இஞ்சு குழாய் 170 டிகிரியில் மொட்டையாக நின்றால் மீட்டருக்கு முக்கால் கிலோவாட்டுக்கு மேல் போகும். ஒரு மொட்டை வால்வு ஒரு மீட்டர் மொட்டைக் குழாய்க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்க. கழற்றி மாட்டுகிற துணி ஜாக்கெட் இப்போது தைத்துக் கிடைக்கிறது. பனியன் ஊரில் வால்வுக்குச் சட்டை தைக்க ஆள் கிடைக்காதா என்ன.

ஆகஸ்ட் 30

இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி 50 சதவீதமானது. ஆர்டர் நிற்கிறது, மெஷின் பாதிதான் ஓடுகிறது. ஆனால் பாய்லர் சுடச்சுட நிற்கிறது, குழாய் முழுக்க 170 டிகிரி. குழாயில் போகும் இழப்புக்கு ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. உற்பத்தி பாதியானால் கிலோ துணிக்கு இழப்பு இரண்டு மடங்கு.

பொது பாய்லரை யோசிப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டென்மார்க்கிலேயே வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் குழாய் கட்டுப்படியாகும். தள்ளித்தள்ளி இருக்கிற புறநகரில் குழாய் இழப்பே தின்றுவிடும். சிப்காட்டில் பட்டறைக்குப் பட்டறை எத்தனை மீட்டர், ஒவ்வொருவரும் மணிக்கு எத்தனை டன், ஆர்டர் இல்லாத மாதத்தில் எத்தனை. இந்த மூன்றும் இல்லாமல் யாராவது மிச்சத்தைச் சதவீதத்தில் சொன்னால் நம்பாதீர்கள்.

செப்டம்பர் 14

பெருந்துறைத் தம்பி விடுவதாக இல்லை. "அப்படியென்றால் பொது பாய்லரே வேண்டாம் என்கிறீர்களா?"

அப்படிச் சொல்லவில்லை. குஜராத்தில் வாபி, அங்கலேஷ்வர் பக்கம் பொது பாய்லரிலிருந்து குழாயில் ஸ்டீம் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பெரிய பாய்லர் என்றால் புகை வடிகட்டி ஒழுங்காக வைக்கலாம், தேர்ந்த ஆட்களை வைக்கலாம். எல்லாவற்றையும்விட, அதிக அழுத்தத்தில் ஸ்டீம் எடுத்து முதலில் டர்பைனை ஓட்டிக் கரண்ட் எடுத்துவிட்டு, அழுத்தம் இறங்கியதைப் பட்டறைக்கு விடலாம். அப்பக்கூடல், சத்தியமங்கலம் வட்டாரத்துச் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை வைத்து இதைத்தான் செய்கின்றன. நான் மேலே சொன்ன மேட்டூர் கணக்கு இங்கேதான் நமக்கு வேலை செய்யும்.

ஆனால் ஸ்டீமை விலைக்கு வாங்கும்போது டன் கணக்கில் பில் வரும். கண்டன்சேட்டைத் திருப்பித் தருகிறவனுக்கு அதில் கழிவு கொடுங்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் எல்லோரும் வாங்கிய ஸ்டீமைச் சாக்கடையில்தான் விடுவார்கள், பொது பாய்லரில் பச்சைத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

செப்டம்பர் 15

ஒரு சேர்க்கை. பாத்திலிருந்து வடிக்கிற சுடுநீரை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விட்டுப் புதுத் தண்ணீரை முன்சூடாக்கி ஒரு தொட்டியில் வைத்தால், வாஷுக்கும் சோப்பிங்குக்கும் மெஷினில் நேராக வெந்நீரே ரொப்பலாம். சூடேறும் நேரமும் மிச்சம். டையிங் மாஸ்டர் மட்டும் சண்டைக்கு வருவார், எடுத்தவுடனே சூடாக இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும் என்று. அவர் சொல்வதைக் கேளுங்கள். சாயம் போடுகிற பாத்துக்குப் பச்சைத் தண்ணீர், மற்றதற்கு வெந்நீர். இரண்டு குழாய், இரண்டு வால்வு. வடிநீரில் பஞ்சு வரும், எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால் வடிகட்டி போட மறக்காதீங்க. அதை ஷிஃப்டுக்கு ஒருமுறை யார் கழுவுவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

செப்டம்பர் 21

தம்பி போன் போட்டார். ஃபீட் வாட்டர் டேங்கில் தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறாராம், 52 காட்டுகிறதாம். பொது பாய்லர் பேச்சை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம், முதலில் பைபாஸ் வால்வுகளை எண்ணச் சொன்னேன்.